பெயர், தெரு, கதவு எண்

நவம்பர் 5, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. பள்ளி விடுமுறை என்று ரேடியோவில் சொன்னார்கள். ஒன்பதாம் வகுப்புக் கணக்குத் தாள் நாற்பத்திரண்டு பாக்கி. ஏழு திருத்தினேன். மீதி நேரம் கொல்லைக் கதவுக்கடியில் வரும் தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளுவதில் போயிற்று.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி (இருப்பது நமுத்துவிட்டது), இவருக்கு இருமல் மருந்து.

செம்பாக்கம் ஏரி நிரம்பிவிட்டது. பார்க்கப் பாதி ஊர் குடையோடு போய் நின்றது. நானும்தான். திரும்பி வரும்போது பின் தெருவில் சாக்கடையும் கிணறும் ஒரே மட்டத்தில் இருந்தன. அந்தக் கிணற்றில் இரண்டு பெண்கள் குடிக்கத் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்றேன். "வேற எங்க போறது டீச்சர்" என்றார்கள்.

நவம்பர் 7, புதன்

பின் தெருவில் நான்கு பேருக்கு வாந்தியும் பேதியும். யாரும் காலரா என்ற சொல்லைச் சொல்வதில்லை. "வயிறு சரியில்ல" என்கிறார்கள்.

மாலை பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம், எங்கள் வேதக் கோயிலில். வழக்கமாக அரை மணி நேரம் பாட்டு, கால் மணி நேரம் வம்பு. இன்று வேலை. முடிவானவை:

1. அறுப்பின் பண்டிகைக்குப் பிரியாணி செய்யும் பெரிய அண்டாவில், கோயில் வளாகத்தில், தினமும் தண்ணீர் காய்ச்சுவது. யார் வந்தாலும் ஒரு குடம். எந்தச் சாமி கும்பிடுபவர் என்று கேட்கக் கூடாது.
2. உப்புச் சர்க்கரைத் தண்ணீர் எப்படிக் கலப்பது என்று வீடு வீடாகப் போய்ச் சொல்வது. (என் பொறுப்பு. அளவு தப்பாது என்று நினைக்கிறார்கள்.)
3. ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்குக் கஞ்சி. எஸ்தர் அக்கா பொறுப்பு. பாடகர் குழுவை நடத்துவது போலவே அடுப்பையும் நடத்துகிறார், எல்லாரையும் அதட்டி.

விறகு ஈரம். மூன்று மணி நேரம் புகை, அப்புறம்தான் கொதி. பாஸ்டரே குனிந்து ஊதினார். கண்கள் சிவந்து, பிரசங்கத்தில் அழுகிறவர் போல இருந்தார். எஸ்தர் அக்கா சிரித்துவிட்டார்.

ஜெபக் குறிப்பு எழுதுவது வழக்கம்போல நான். பன்னிரண்டு வருடமாக நான்தான். தினமும் காலை ஐந்தரைக்கு ஜெபம். உள்ளே பதினைந்து பேர் வந்தால் அதிகம். வர முடியாதவர்கள் படுக்கையிலிருந்தே கேட்கட்டும் என்று கூரைமேல் இரண்டு குழாய் ஒலிபெருக்கி. யாருக்காக ஜெபிக்க வேண்டுமோ அவர் பெயர், தெரு, கதவு எண், நோய் எல்லாம் எழுதிக் கொடுப்பேன். ஞானமுத்து சார் வாசிப்பார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். இந்த முறையைக் கொண்டுவந்ததும் அவர்தான். "பொதுவா ஜெபிச்சா பொதுவாத்தான் பதில் வரும் டீச்சர். துல்லியமா கேக்கணும்" என்பார். கணக்கு டீச்சருக்கு அது சரியாகவே பட்டது.

வீட்டில் இவர் மட்டும் கேலி செய்வார். "கர்த்தருக்கு அட்ரஸ் தெரியாதாக்கும். தபால்காரரா அவர்?"

நவம்பர் 8, வியாழன்

எதிர் வீட்டு சரோஜாவின் கணவர் முருகேசனுக்கு வந்துவிட்டது.

சரோஜா வாசலில் தகரக் கூரை போட்டு இட்லி விற்கிறாள். காலை ஆறிலிருந்து ஒன்பது வரை. தாம்பரம் போய் ரயில் பிடிக்கிறவர்கள், கொத்தனார்கள், சித்தாள்கள். முருகேசனும் கொத்தனார்தான், மழைக்காலத்தில் வேலை கிடையாது. இட்லிதான் சோறு, வாடகை, எல்லாம். ஆறு வருடமாக எதிரெதிர் வீடு. எங்கள் வீட்டுச் சாவி ஒன்று அவளிடம் இருக்கிறது.

பத்து மணிக்குக் கதவைத் தட்டினாள். "டீச்சர், கொஞ்சம் வந்து பாருங்களேன். காலைலேர்ந்து நிக்கவே இல்ல. கண்ணு உள்ள போயிடுச்சு." இவர் ரயில்வே யார்டில் இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினேன். ஆளைப் பார்த்ததும் இரண்டு ஆட்டோ போய்விட்டது. மூன்றாவது நின்றது. ஆஸ்பத்திரியில் உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டர், காலராவாக இருக்கலாம், பரிசோதனை முடிவு வரட்டும் என்றார்.

சரோஜா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் கிளம்பும்போது, "உங்க கோயில்ல இவருக்கோசரம் வேண்டிக்கோங்க டீச்சர்" என்றாள்.

வந்ததும் எழுதினேன். முருகேசன், கொத்தனார் (இட்லிக் கடை சரோஜாவின் கணவர்). தெற்குத் தெரு, 14. காலரா. அரசு ஆஸ்பத்திரி, படுக்கை எண் 9.

படுக்கை எண் வரை எழுதியதில் எனக்கு ஒரு திருப்தி.

நவம்பர் 9, வெள்ளி

மழை விட்டிருந்தது. காற்று இல்லை. அதனால் ஒலிபெருக்கி ஏரிக்கரை வரை கேட்டிருக்கும். ஞானமுத்து சார் பள்ளியில் வருகைப் பதிவு கூப்பிடுகிற குரலில் வாசித்தார். தெற்குத் தெரு. பதினான்கு. காலரா.

ஏழரைக்கு வாசல் தெளிக்கப் போனேன். சரோஜா விடிவதற்கு முன்பே ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அடுப்பு பற்றவைத்திருக்கிறாள். நேற்றே அரைத்த மாவு, வீணாக்க முடியாது. இரண்டு ஈடு இட்லி அவித்து மூடி வைத்திருந்தாள். பெஞ்சில் ஒருவரும் இல்லை. தெருமுனை வரை வந்தவர்கள் அங்கேயே திரும்பினார்கள். ஒரு கொத்தனார் மட்டும் தூரத்தில் நின்று கேட்டார். "இன்னா சரோஜா, உன் வூட்ல காலராவாமே?"

"யார் சொன்னது?"

"கோயில் மைக்குல சொன்னாங்களே. நம்பரோட."

அவள் என் பக்கம் திரும்பினாள். கையில் வாளியோடு நின்றேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. தெருவைக் கடந்து வந்து மெதுவாகத்தான் சொன்னாள்.

"நான் உங்க சாமியாண்ட சொல்லத்தான் சொன்னேன் டீச்சர். நீங்க ஊராண்ட சொல்லிட்டீங்க."

பள்ளிக்குப் போனேன். மூன்று வகுப்பு எடுத்தேன். கரும்பலகையில் ஒரு கணக்கை இரண்டு முறை தப்பாகப் போட்டேன்.

நவம்பர் 10, சனி

காலையில் எங்கள் ஜன்னல் கட்டையில் எங்கள் வீட்டுச் சாவி இருந்தது. யார் வைத்தது என்று இவர் கேட்டார். சொன்னேன். "ம்" என்றார். அப்புறம் இருமினார்.

அண்டாத் தண்ணீருக்கு இன்று அறுபத்தோரு குடம். பின் தெருவிலிருந்து நிறைய வந்தார்கள். மசூதித் தெருவிலிருந்தும். சரோஜா வரவில்லை. நானே ஒரு குடம் கொண்டுபோய் அவள் வாசலில் வைத்தேன். மாலையில் பார்த்தால் அப்படியே இருந்தது. நல்லவேளை, மேலே தட்டுப் போட்டு மூடியிருந்தாள்.

நவம்பர் 11, ஞாயிறு

முருகேசன் வீடு திரும்பினார். இவர்தான் போய் அழைத்துவந்தார். பரிசோதனையில் காலரா இல்லை. சீட்டில் வெறும் வயிற்றுப்போக்கு என்றுதான் இருக்கிறது. டாக்டர் சொன்னது "இருக்கலாம்". நான் எழுதியது "காலரா". மாணவி இப்படிச் செய்தால் முழு மதிப்பெண்ணும் வெட்டுவேன்.

பாஸ்டரிடம் ஓடினேன். நல்ல மனிதர், உடனே பதறிப்போனார். ஆராதனை முடிவில் அவரே மைக்கில்: "தெற்குத் தெரு பதினான்காம் எண் வீட்டில், இட்லிக் கடை சரோஜா அம்மா வீட்டில் காலரா இல்லை. யாரும் பயப்பட வேண்டாம்." இரண்டு தடவை சொன்னார்.

வெள்ளிக்கிழமை தூங்கிக்கொண்டிருந்து கேட்காதவர்களும் இன்று கேட்டுவிட்டார்கள்.

இவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "உங்க ஆளுங்களுக்கு அந்த மைக்கைப் பிடுங்கி வெச்சாத்தான் சரி வரும்" என்றார். இவரும் அதே கோயில் ஆள்தான். கோபம் வந்தால் "உங்க ஆளுங்க".

ஆராதனைக்குப் பின் சங்கத்தில் முடிவு: நாளை காலை எல்லாரும் சரோஜா கடையில் இட்லி வாங்குவது. பயம் தெளியும், அவளுக்கும் வியாபாரம். நல்ல யோசனை என்று நானும் கை தூக்கினேன்.

நவம்பர் 12, திங்கள்

ஒன்பது பேர் தூக்குச்சட்டியோடு வரிசையில் நின்றோம். சரோஜா மூடியைத் திறந்தாள். எண்ணி எண்ணிப் போட்டாள். எஸ்தர் அக்கா பத்து. நான் எட்டு.

எஸ்தர் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. கோயில் மதிலுக்குப் பின்னால் நின்று நாய்களுக்குப் போட்டிருக்கிறார். ஒன்று, இரண்டு என்று பத்தும். முருகேசனுக்கு மாத்திரை வாங்கக் கடைக்குப் போன சரோஜா அதைப் பார்த்திருக்கிறாள். எஸ்தர் அக்காவே வந்து என்னிடம் சொல்லி அழுதார். "வீட்ல மாமியார் இருக்காங்க சுகிர்தா, வயசானவங்க. நான் என்ன செய்ய?"

நான் அவரை ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எட்டு இட்லியையும் தட்டில் வைத்தேன், கை போகவில்லை. அவளிடம் ஆறு வருடமாக வாங்கித் தின்ற வாய் இது. காலரா இல்லை என்ற சீட்டைக் கண்ணால் பார்த்தவள் நான். மறுபடி இட்லிப்பானையில் வைத்துக் கால் மணி நேரம் அவித்தேன். ரப்பர் போல ஆயிற்று. நான் அவிப்பதற்கு முன்பே இவர் நாலை எடுத்துச் சாப்பிட்டுவிட்டார்.

வெட்கமாக இருக்கிறது. இங்கே எழுதினால் போதும், யாரிடமும் சொல்லப் போவதில்லை.

நவம்பர் 14, புதன்

சரோஜா அடுப்பு பற்றவைக்கவில்லை. இரண்டாவது நாள்.

இன்று ஜெபக் குறிப்புக்கு ஒரு பெயரும் வரவில்லை. நேற்றும் இல்லை. ஆனால் மருந்துக்கடையில் குளுக்கோஸ் பாக்கெட் தீர்ந்துவிட்டது. வாங்கியவர்கள் எல்லாம் "சும்மா, வீட்ல இருக்கட்டும்னு" வாங்கினார்களாம். கோயில் ஆட்களும் சேர்த்தி.

மாலை சரோஜா குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் பொழிச்சலூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். நான் குறுக்கே போய் நின்றேன். அது காலரா இல்லை, சீட்டு இருக்கிறது, ஆறு வருடமாக இருக்கிறவர்கள், என்னென்னவோ சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"மேடம், நானா சொன்னேன்? உங்க மைக்குதான் சொல்லுச்சு. நாளைக்கு இந்த வீட்டுக்கு எவன் வருவான் சொல்லுங்க."

நேராக ஞானமுத்து சார் வீட்டுக்குப் போனேன். இனி பெயர் வாசிக்க வேண்டாம் என்று கேட்க. சார் கதவைப் பாதிதான் திறந்தார். உள்ளே கூப்பிடவில்லை. வழக்கமாக அவர் மனைவி ரூபி அம்மா காப்பி கொடுக்காமல் விட மாட்டார். "பன்னிரண்டு வருஷ முறையை ஒரு இட்லிக் கடைக்காக மாத்த முடியாது டீச்சர். கமிட்டியில பேசலாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். கர்வம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 15, வியாழன்

மழை மறுபடியும். பள்ளி முடிந்து வந்து குடையை மடக்குகிறேன், சரோஜா வாசலில் நிற்கிறாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இன்றுதான் பேசுகிறாள்.

"டீச்சர், உங்க ஹெட்மாஸ்டர் வூட்ல இன்னாமோ சரியில்ல. அந்தாளு மழையில கொல்லையில நின்னு பெட்ஷீட் அலசிக்கினு கீறாரு. எங்க கொல்லையிலேர்ந்து ரெண்டு நாளா பாக்குறேன். ஒரு துண்டு கூட அலசுனதில்ல அவரு. எனக்குத் தெரியும் அது எதுக்குன்னு. இவருக்கு நான் அலசுனேனே." திரும்பிப் போகப் பார்த்தவள் நின்றாள். "மைக்குல சொல்லாதீங்க. போய்ப் பாருங்க."

நானும் இவரும் போனோம். அவளும் பின்னால் வந்தாள். சார் பாதிக் கதவில் நின்று, "அவளுக்கு லேசா தலைவலி, தூங்குறா" என்றார். இவர் தயங்கினார், நானும். படித்தவர், மூத்தவர், கதவைத் தள்ள முடியுமா? சரோஜா "கொஞ்சம் நவுருங்க சார்" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

ரூபி அம்மா சுருண்டு கிடந்தார். கையைத் தொட்டால் குளிர். தோலைப் பிடித்துவிட்டால் பிடித்தபடியே நிற்கிறது. சரோஜா கழுவித் துடைத்து, தன் சேலை ஒன்றைக் கொண்டுவந்து சுற்றினாள். இவரும் அவளுமாக ஆட்டோவில் ஏற்றினார்கள். எனக்குக் குடை பிடிக்கும் வேலை.

ஆட்டோ போனபின் சார் வாசலிலேயே நின்றார். "ஏன் சார்?" என்று கேட்டேன். வேறு எப்படிக் கேட்பது?

"எப்படி டீச்சர் எழுதித் தருவேன்? நானே வாசிக்கணுமே" என்றார்.

நவம்பர் 17, சனி

ரூபி அம்மாவுக்குக் காலராதான். இந்த முறை உறுதி. இன்னும் அரை நாள் விட்டிருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். இன்று கஞ்சி இறங்கியது. ஆபத்து தாண்டியது.

இரண்டு நாளும் கூட இருந்தது சரோஜா. சாருக்கு ஒன்றும் தெரியவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறார். பெண்கள் சங்கத்திலிருந்து முறை வைத்துப் போகிறோம். ஆனால் பாத்திரம் எடுப்பது, துணி மாற்றுவது எல்லாம் அவள். ஏன் செய்கிறாய் என்று எஸ்தர் அக்கா கேட்டிருக்கிறார். "அந்தம்மா எனக்கு ஒண்ணும் பண்ணலியே" என்றாளாம்.

அதை எஸ்தர் அக்கா என்னிடம் வந்து சொன்னார். யாருக்கான வார்த்தை அது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

நவம்பர் 18, ஞாயிறு

கமிட்டி ஐந்து நிமிடத்தில் முடிந்தது. இனி பெயர் இல்லை, தெரு இல்லை, நோய் இல்லை. "நம் தெருக்களில் படுக்கையில் இருப்பவர்கள்" என்று மட்டும். உதவி வேண்டுமென்றால் என்னிடமோ பாஸ்டரிடமோ தனியாகச் சொல்லலாம். சார்தான் முன்மொழிந்தார். குரல் எழும்பவில்லை, பாஸ்டர் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

ஆராதனையில் நன்றி ஜெபம் ஏறெடுக்கையில் சரோஜா பெயரைச் சொல்ல வேண்டும் என்று சாருக்கு ஆசை. ஊர் கேட்கட்டும், அவள் செய்ததை. எனக்கும் ஆசைதான். ஆராதனைக்கு முன்பே போய் அவளிடமே கேட்டேன்.

"வாணாம் டீச்சர். நல்லதுக்கோ கெட்டதுக்கோ, அந்தக் குழாயில என் பேரு வர வாணாம்."

வரவில்லை.

ஆராதனை முடிந்த கையோடு மூன்று பேர் தனித்தனியாக என் பக்கம் வந்தார்கள். ஒருவர் வீட்டில் இரண்டு பேருக்கு நான்கு நாளாக. நேற்று அதே வீட்டில் டீ குடித்தேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாலைக்குள் இரண்டு பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

நவம்பர் 21, புதன்

சார் பஸ் ஏறிப் பொழிச்சலூர் போய் வீட்டுக்காரரைப் பார்த்தார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், தன் பெயரைச் சொல்லி, தன் மனைவிக்குத்தான் காலரா, அந்தப் பெண் வீட்டில் இல்லை என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர் எழுந்து நின்று காப்பி கொடுத்தாராம். ஆனால் வேறு ஆளிடம் முன்பணம் வாங்கியாயிற்று.

தாள் திருத்தல் முடிந்தது. தேர்ச்சி பெறாதவர்கள் பதினொன்று.

நவம்பர் 25, ஞாயிறு

நான்கு நாளாக வெயில். பின் தெருக் கிணற்றுக்கு ப்ளீச்சிங் பவுடர் போட்டார்கள். புதிதாக யாருக்கும் இல்லை. கேட்டால் இப்போது உண்மையைச் சொல்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். இன்று பதினேழு குடம்தான். அண்டாவின் அடியில் கரி ஒரு விரல் கனம், பண்டிகைக்குள் தேய்க்க வேண்டும். பண்டிகை டிசம்பருக்குத் தள்ளிப்போயிருக்கிறது.

சரோஜா வியாழக்கிழமையிலிருந்து மறுபடி அடுப்பு பற்றவைக்கிறாள். இருக்கும் வரைக்கும். சார் தினமும் வெள்ளை வேட்டியோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்து நாலு இட்லி சாப்பிடுகிறார், தெரு பார்க்க. ரூபி அம்மாவுக்குப் பொட்டலம். அவரைப் பார்த்து இரண்டு கொத்தனார்கள், அப்புறம் ஐந்தாறு பேர். நேற்று நானும் போய் உட்கார்ந்தேன். சூடாக மூன்று, அங்கேயே சாப்பிட்டேன். தேங்காய்ச் சட்னி. பக்கத்தில் ஒரு சித்தாள், "இன்னும் ரெண்டு வை அக்கா" என்று தட்டை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

சரோஜா எனக்குப் பரிமாறினாள். மற்றவர்களுக்குப் பரிமாறுவது போலவே. முன்பெல்லாம் எனக்கு மட்டும் ஓரம் மொறுமொறுக்கச் சுட்ட தோசை ஒன்று கேட்காமலே வரும். வரவில்லை.

நவம்பர் 29, வியாழன்

இவர் எதிர் வீட்டில் கட்டில் கழற்றிக் கொடுத்தார். நான் பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றினேன். எஸ்தர் அக்கா மதியச் சோறு கொண்டுவந்தார். நாய் விஷயம் யாரும் பேசவில்லை. சரோஜா அவர் கையால் வாங்கிச் சாப்பிட்டாள். எஸ்தர் அக்கா தன் சோற்றைத் தட்டிலேயே பிசைந்துகொண்டிருந்தார்.

முருகேசன் நன்றாகத் தேறிவிட்டார். "போற எடத்துல வேலைக்குப் பஞ்சமில்ல சார்" என்று இவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நவம்பர் 30, வெள்ளி

பள்ளிக்கு அரை நாள் விடுப்பு. காலை எட்டு மணிக்கு சாமான் ஏற்ற மூன்று சக்கர மீன்பாடி வண்டி வந்தது. பெஞ்ச், இட்லிப்பானை, இரண்டு டிரங்குப் பெட்டி, உரல். உரலைத் தூக்க நான்கு பேர்.

சாரும் ரூபி அம்மாவும் மெதுவாக நடந்து வந்தார்கள். ரூபி அம்மா சரோஜாவின் சேலையைத் துவைத்து, மடித்து, கூடவே புதிதாக ஒன்று வைத்துக் கொடுத்தார். சரோஜா பழையதை எடுத்துக்கொண்டு புதியதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு அதையும் பெட்டியில் வைத்தாள்.

"எந்தப் பக்கம் சரோஜா?" என்று கேட்டேன்.

"பெருங்களத்தூர் டீச்சர். ஜி.எஸ்.டி. ரோடாண்ட. அபார்ட்மெண்ட் கட்டிக்கினு கீறாங்க, ஆளு நெறைய. இட்லி ஓடும்."

"எந்தத் தெரு?"

"பஸ் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் உள்ள."

"நம்பர்?"

கேட்டுவிட்டு நிமிர்ந்தேன். கைப்பையிலிருந்து பேனாவையும் ஒரு துண்டுச் சீட்டையும் எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செட்டில் ஆயிட்டு நானே வந்து சொல்றேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள்.